உங்கள் ஃபைலை நீங்களே இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, ஏன்? ‘சோன்’ சிஸ்டம் கால் பற்றி ஒரு விளக்கம்

உங்கள் பெயரில் உள்ள வீட்டுமனையை யாருக்கு வேண்டுமானாலும் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்ட வேண்டும், சாட்சிகள் வேண்டும், பட்டா மாறுதலுக்குக் கொஞ்சம் அலைய வேண்டும். ஆனால் ‘உன் சொத்தை நீ கொடுக்கக் கூடாது’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

லினக்ஸ் சர்வரில் கதை வேறு. நீங்களே உருவாக்கிய, உங்கள் ஹோம் ஃபோல்டரில் கிடக்கிற, நினைத்தால் இந்த நொடியே அழித்துவிடக்கூடிய ஒரு ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பெயருக்கு மாற்றிப் பாருங்கள். ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று ஒரே வரியில் பதில் வரும். அழிக்கலாம், திருத்தலாம், உலகத்துக்கே திறந்து வைக்கலாம். கொடுக்க மட்டும் முடியாது.

பெரும்பாலானோர் இந்த இடத்தில் ‘சூடோ’ சேர்த்து, அதே கமாண்டை மறுபடி ஓட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த ‘சூடோ’ ஏன் தேவைப்படுகிறது, அதைச் சேர்த்ததும் என்னென்ன நடக்கலாம் என்று தெரிந்துகொள்வது சர்வர், கிளவுட், கன்டெய்னர் பக்கம் வேலை பார்க்கும் எல்லோருக்கும் உதவும்.

பெயர் இல்லை, எண்தான்

ஃபைல்களைப் பட்டியல் போட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் உரிமையாளர் பெயர் தெரியும். அது நம் வசதிக்காகக் காட்டப்படுவது. டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘ஐநோட்’ என்று ஒரு பதிவு உண்டு. ஃபைலின் அளவு, கடைசியாக எப்போது மாறியது, அதன் டேட்டா டிஸ்க்கில் எங்கே இருக்கிறது எல்லாம் அதில்தான் உள்ளது. (ஃபைலின் பெயர் மட்டும் அதில் இல்லை. பெயர் இருப்பது ஃபோல்டரில். இந்த விவரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.) உரிமையாளர் என்ற இடத்தில் ஐநோட்டில் இருப்பது ஒரு எண். குரூப்புக்கு இன்னோர் எண். அந்த எண்ணை ‘பாஸ்வட்’ என்ற ஃபைலில் தேடி, பொருத்தமான லாகின் பெயரைக் காட்டுவது பட்டியல் போடும் புரோகிராமின் வேலை. கெர்னலுக்குப் பெயரெல்லாம் தெரியாது.

இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். உபுண்டு, டெபியன் போன்றவற்றை இன்ஸ்டால் செய்யும்போது முதலில் உருவாக்கும் யூசருக்கு 1000 என்ற எண் கிடைக்கும். உங்கள் லேப்டாப்பில் நீங்கள் 1000, நண்பர் லேப்டாப்பில் அவர் 1000. லினக்ஸின் ‘இஎக்ஸ்டி4’ முறையில் ஃபார்மட் செய்த ஹார்ட் டிஸ்க்கை அவர் லேப்டாப்பில் செருகினால், நீங்கள் உருவாக்கிய ஃபைல்கள் எல்லாம் அவர் பெயரில் தெரியும். யாரும் எதையும் மாற்றவில்லை. ஒரே எண்ணை இரண்டு ஊர்க்காரர்கள் இரண்டு பெயராக வாசிக்கிறார்கள்.

அலுவலகத்தில் இது விளையாட்டாக இருக்காது. ஒருவர் வேலையை விட்டுப் போகிறார், அட்மின் அவருடைய அக்கவுண்டை அழிக்கிறார், ஃபைல்களை அப்படியே விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி அந்த ஃபைல்களின் பக்கத்தில் பெயருக்குப் பதில் வெறும் 1007 என்று தெரியும். புதிய அக்கவுண்ட் உருவாக்கும் ‘யூசர்ஆட்’ கமாண்டு, வழக்கமாகப் பயன்பாட்டில் உள்ள மிகப் பெரிய எண்ணுக்கு அடுத்த எண்ணை எடுக்கும். போனவர்தான் கடைசியாகச் சேர்ந்தவர் என்றால், அடுத்து வருபவருக்கு அதே 1007 கிடைக்கும். போனவரின் ஃபைல்கள் எல்லாம் புதியவருக்குச் சொந்தம். யாரும் எந்த அனுமதியும் தரவில்லை, எந்த எச்சரிக்கையும் வராது. அக்கவுண்டை அழிப்பதற்கு முன்பே, அல்லது அழித்த கையோடு, ‘ஃபைண்ட்’ கமாண்டில் ‘நோயூசர்’ என்ற ஆப்ஷனைப் போட்டு இப்படி அனாதையான ஃபைல்களைத் தேடி எடுப்பது நல்லது.

கையில் இருக்கும் ஆண்ட்ராய்ட் போனிலும் இதே எண்தான் காவல். போனில் இன்ஸ்டால் செய்யும் ஒவ்வோர் ஆப்பும், கெர்னலின் கணக்கில் ஒரு தனி யூசர். அந்த எண்கள் 10000-இல் தொடங்குகின்றன. உங்கள் பேமென்ட் ஆப்பின் தனி ஃபோல்டருக்கு ஓர் எண், கேம் ஆப்புக்கு வேறோர் எண். ஒன்றின் ஃபோல்டரை மற்றொன்று திறந்து பார்க்க முடியாததற்கு முதல் காரணம் இந்த எண் வித்தியாசம். இதற்கு மேல் வேறு பாதுகாப்பு அடுக்குகளும் ஆண்ட்ராய்டில் உண்டு. ஆனால் அடித்தளம் பழைய யூனிக்ஸ் காலத்து உரிமையாளர் எண்தான். ஆப் இன்ஸ்டால் ஆகும்போது ஃபோல்டரை உருவாக்கி அந்த எண்ணின் பெயரில் எழுதிவைப்பது சிஸ்டத்தின் வேலை. ஆப்பால் அதை மாற்ற முடியாது.

நான்கு வாசல்கள்

அந்த எண்ணை மாற்றித் தரும்படி ஒரு புரோகிராம் கெர்னலிடம் கேட்பதற்கான வழிதான் ‘சோன்’ என்ற சிஸ்டம் கால். ‘சேஞ்ச் ஓனர்’ என்பதன் சுருக்கம். சாதாரண புரோகிராம் எதுவும் டிஸ்க்கில் உள்ள ஐநோட்டைத் தானாகத் தொட முடியாது. கெர்னலிடம் மனு கொடுக்க வேண்டும், அது சரிபார்த்துச் செய்யும் அல்லது மறுக்கும்.

லினக்ஸில் இதற்கு நான்கு வடிவங்கள். ‘சோன்’, ஃபைலின் பாதையை வாங்கிக்கொள்ளும். அந்தப் பாதை ஒரு சிம்லிங்க்காக இருந்தால், அது சுட்டிக்காட்டும் உண்மையான ஃபைலுக்குப் போய் மாற்றும். ‘எல்சோன்’ அப்படிப் போகாது, சிம்லிங்க்கின் உரிமையாளரையே மாற்றும். ‘எஃப்சோன்’ பாதையே வாங்காது. ஏற்கெனவே திறந்து கையில் வைத்திருக்கும் ஃபைலை மட்டும்தான் மாற்றும். நான்காவது ‘எஃப்சோன்அட்’, 2006-இல் வந்த 2.6.16 கெர்னலில் சேர்ந்தது. திறந்து வைத்திருக்கும் ஒரு ஃபோல்டரிலிருந்து தொடங்கிப் பாதையைப் படிக்கும். சிம்லிங்க்கைத் தொடர வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கொடியின் மூலம் சொல்லலாம்.

வழக்கமான இன்டெல், ஏஎம்டி 64 பிட் லினக்ஸில் முதல் மூன்றின் எண்கள் 92, 94, 93. கடைசியாகச் சேர்ந்தவருக்கு 260. 64 பிட் ஆர்ம் சிப்களில் பழைய வடிவங்களைத் தூக்கிவிட்டார்கள். அங்கே ‘எஃப்சோன்’, ‘எஃப்சோன்அட்’ இரண்டு மட்டும்தான். குரூப்பை மாற்றும் ‘சிஎச்ஜிஆர்பி’ கமாண்டுக்குத் தனி சிஸ்டம் கால் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். அதுவும் இந்த வாசல்களில் ஒன்றில்தான் நுழைகிறது. உரிமையாளர் என்ற இடத்தில் -1 என்று கொடுத்தால், ‘இதை மாற்றாதே, குரூப்பை மட்டும் பார்’ என்று பொருள்.

இந்த -1 ஒரு சுவையான விஷயம். யூசர் எண் 32 பிட் அளவு, அதில் எதிர்ம எண் கிடையாது. எனவே -1 என்பது 4294967295 என்ற எண்ணாகத்தான் நிற்கும். அந்த எண்ணில் யாரும் யூசராக இருக்க முடியாது. ‘-1 என்றால் மாற்றாதே’ என்ற இதே வழக்கம், புரோகிராம் தன் அடையாளத்தை மாற்றிக்கொள்ளும் சிஸ்டம் கால்களிலும் உண்டு. 2019 அக்டோபரில் வெளியான ஒரு சூடோ ஓட்டை அங்கேதான் பிறந்தது. ‘ரூட்டைத் தவிர யாராக வேண்டுமானாலும் ஓட்டலாம்’ என்று அனுமதி பெற்ற ஒருவர், ‘-1 என்ற யூசராக ஓட்டு’ என்று கேட்டார் என்றால் சூடோ ஒப்புக்கொண்டுவிடும். கெர்னலுக்கு அது ‘மாற்றாதே’ என்று புரியும். சூடோ ஏற்கெனவே ரூட்டாக ஓடிக்கொண்டிருப்பதால், கமாண்டும் ரூட்டாகவே ஓடும். 1.8.28 பதிப்பில் அடைத்தார்கள்.

கொடுக்கத் தடை எப்படி வந்தது?

பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. சோன் அதிலேயே இருக்கிறது. அப்போது ஃபைலின் சொந்தக்காரர் அதை இன்னொருவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: ‘செட்யூஐடி’ குறி போட்ட ஃபைலைக் கொடுக்க முடியாது. கொடுக்கவிட்டால் மற்றவர்களின் ஃபைல்களில் கைவைக்கும் ட்ரோஜன் குதிரைகளை உருவாக்கலாம் என்று அந்தக் கையேடு காரணம் சொல்கிறது. கம்ப்யூட்டர் உலகில் ‘ட்ரோஜன் குதிரை’ என்ற சொல் அச்சில் தென்படும் மிகப் பழைய இடங்களில் இதுவும் ஒன்று. விளக்கம்கூடத் தராமல் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார்கள். படிப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்திருக்க வேண்டும்.

செட்யூஐடி என்றால் என்ன? வழக்கமாக நீங்கள் ஒரு புரோகிராமை ஓட்டினால் அது உங்கள் அதிகாரத்தில் ஓடும். இந்தக் குறி போட்டிருந்தால், யார் ஓட்டினாலும் அந்த ஃபைலின் உரிமையாளர் அதிகாரத்தில் ஓடும். பாஸ்வேர்ட் மாற்றும் புரோகிராம், சூடோ எல்லாம் இப்படித்தான் வேலை செய்கின்றன. ரிச்சி இதற்குக் காப்புரிமை விண்ணப்பித்து 1979-இல் வாங்கினார். இப்போது, ஃபைலைக் கொடுக்கவும் முடியும், குறியும் அப்படியே இருக்கும் என்றால் என்ன ஆகும்? எனக்குச் சொந்தமான ஒரு சின்னப் புரோகிராமை எழுதி, செட்யூஐடி குறி போட்டு, அதை ரூட்டுக்கு ‘அன்பளிப்பாக’க் கொடுத்துவிடுவேன். பிறகு அதை ஓட்டினால், நான்தான் ரூட்.

சில ஆண்டுகளில் விதி இறுகியது. 1979-இல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் சோன் ரூட்டுக்கு மட்டும்தான். காரணம், டிஸ்க் இடக் கணக்கு. பல பேர் ஒரே மெஷினைப் பங்கிட்ட காலம் அது. பெரிய பெரிய ஃபைல்களை உருவாக்கி வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டால், இடம் நிரம்பியதற்குக் கணக்கு அவர் தலையில் விழும். ஆனால் அந்தக் கணக்கு முறையே இன்னும் எழுதப்படவில்லை என்று கையேடே அடைப்புக்குறிக்குள் கிண்டலடித்திருக்கிறது. இல்லாத கோட்டாவைக் காக்கப் போட்ட பூட்டு.

பிறகு உலகம் இரண்டாகப் பிரிந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி யூனிக்ஸ் பூட்டை வைத்துக்கொண்டது, உண்மையான கோட்டா முறையையும் கொண்டுவந்தது. ஏடி அண்ட் டி-யின் சிஸ்டம் ஃபைவ், ‘உன் ஃபைல், நீ கொடு’ என்ற பழைய தாராளத்தில் நின்றது. பின்னால் வந்த போசிக்ஸ் தரநிலை இரண்டையும் அனுமதித்து, ‘எந்த வகை என்று சிஸ்டமே சொல்லட்டும்’ என்று விட்டுவிட்டது. லினக்ஸ் பிஎஸ்டி பக்கம் போனது. இன்று ஏடபிள்யூஎஸ்ஸிலோ உங்கள் ஆபீஸ் சர்வரிலோ நீங்கள் பார்க்கும் மறுப்பு அங்கிருந்து வந்ததுதான்.

கோட்டா ஒரு பக்கம் இருக்கட்டும். என் பார்வையில் இந்தத் தடைக்கு இன்றைய வலுவான காரணம் வேறு. கொடுப்பது சுதந்திரமாக இருந்தால், ஆட்சேபத்துக்குரிய ஒரு ஃபைலை உருவாக்கி உங்கள் பெயரில் எழுதிவைக்க யாராலும் முடியும். வீட்டுமனை தானத்தில் பெறுபவரின் ஒப்புதலும் வேண்டும். சோன் வாங்குபவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

விண்டோஸ் இதே பிரச்சினையை வேறு கோணத்தில் தீர்த்திருக்கிறது. அங்கே அட்மினிஸ்ட்ரேட்டர் ஒரு ஃபைலின் உரிமையைத் தன்னிடம் ‘எடுத்துக்கொள்ளலாம்’. அதை வேறொருவர் பெயரில் எழுதிவைக்க இன்னொரு தனிச் சலுகை வேண்டும். எடுத்தவர் பெயரிலேயே நிற்பதால் சுவடு தெரியும்.

சூடோ இல்லாமல் என்ன செய்யலாம்?

‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்பதும் ‘பெர்மிஷன் டினைட்’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வந்தால், ஃபைலிலோ ஃபோல்டரிலோ அனுமதி போதவில்லை, ‘சிஎச்மாட்’ போட்டுச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. முதலாவது வந்தால், எவ்வளவு அனுமதி திறந்துவைத்தாலும் பலன் இல்லை. அந்தச் செயலைச் செய்யும் தகுதியே உங்களுக்கு இல்லை. லினக்ஸ் கணக்கில் ‘கேப் சோன்’ என்ற அதிகாரம் உள்ளவருக்கு மட்டும்தான் அந்தத் தகுதி. ரூட்டுக்கு வழக்கமாக அது இருக்கும். இது புரியாமல் எல்லாவற்றுக்கும் 777 போட்டு வைத்திருக்கும் சர்வர்கள் ஏராளம்.

ஆனால் குரூப் விஷயத்தில் கெர்னல் தாராளம் காட்டுகிறது. உங்கள் ஃபைலின் குரூப்பை, நீங்கள் உறுப்பினராக உள்ள எந்தக் குரூப்புக்கும் நீங்களே மாற்றலாம். டீமில் நான்கு பேர் ஒரே ஃபோல்டரில் வேலை செய்ய வேண்டும் என்றால், உரிமையாளரை மாற்றி மாற்றி விளையாடத் தேவையே இல்லை. எல்லோரையும் ஒரு குரூப்பில் போடுங்கள், ஃபோல்டரை அந்தக் குரூப்புக்கு மாற்றுங்கள், ஃபோல்டரில் ‘செட்ஜிஐடி’ குறியைப் போடுங்கள். அதற்குள் யார் புதிதாக ஃபைல் உருவாக்கினாலும் குரூப் தானாக வந்துவிடும். குரூப்புக்கு எழுதும் அனுமதி கிடைக்கும்படி ‘யூமாஸ்க்’ அளவைச் சரிபார்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. தினம் யாராவது ஒருவர் ‘என் ஃபைலைத் திறக்க முடியவில்லை’ என்று வரும் புகார்களில் பாதிக்கு மருந்து இதுதான்.

ரூட் ஏமாறும் இடம்

இனி சூடோ சேர்த்த பிறகு நடப்பதைப் பார்க்கலாம். சோன் ரூட்டுக்கு மட்டும் என்றான பிறகு, தாக்குபவர்களின் கணக்கு மாறியது. ‘என்னால் மாற்ற முடியாது, ஆனால் ரூட்டை மாற்ற வைக்கலாமே?’

2016-இல் தாவித் கோலுன்ஸ்கி என்ற செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஒரு ஓட்டை இதற்குப் பாடப்புத்தக உதாரணம். டெபியன், உபுண்டு பேக்கேஜாகத் தந்த டாம்கேட் சர்வரில் இருந்தது அது. அப்பாச்சி எழுதிய டாம்கேட்டில் குறை இல்லை, அதைத் தொடங்கிவைக்கும் ஸ்கிரிப்டில்தான். சர்வர் ஆரம்பிக்கும்போது ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடும். ‘கேட்டலினா.அவுட்’ என்ற லாக் ஃபைலை உருவாக்கி, சோன் மூலம் டாம்கேட் யூசர் பெயருக்கு மாற்றும். நல்ல எண்ணம்தான். லாக் எழுதுபவர் டாம்கேட், அவர் பெயரில் ஃபைல் இருக்க வேண்டாமா?

அந்த லாக் ஃபோல்டரே டாம்கேட் யூசருக்குச் சொந்தம் என்பதுதான் சிக்கல். ஏதோ ஒரு வெப் ஆப்பில் ஓட்டை இருந்து ஒருவர் டாம்கேட் யூசராக உள்ளே வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் லாக் ஃபைலை அழித்துவிட்டு, அதே பெயரில் ஒரு சிம்லிங்க் வைக்கிறார். அது சுட்டிக்காட்டுவது, எல்லோருடைய பாஸ்வேர்ட் ஹேஷ்களும் உள்ள ‘ஷேடோ’ ஃபைலை. பிறகு காத்திருக்கிறார். என்றாவது ஒருநாள் சர்வர் அப்டேட் ஆகும், ரீஸ்டார்ட் ஆகும். ரூட் ஸ்கிரிப்ட் வழக்கம்போல் ‘கேட்டலினா.அவுட்டை டாம்கேட்டுக்கு மாற்று’ என்கிறது. சோன் சிம்லிங்க்கைத் தொடர்ந்து போகிறது. ஷேடோ ஃபைல் டாம்கேட் பெயருக்குப் பட்டா மாறிவிடுகிறது. கெர்னல் விதியை மீறவில்லை. கேட்டது ரூட், செய்தது கெர்னல்.

அதே ஆண்டு மைஎஸ்க்யூஎல் சர்வரின் எரர் லாக் கையாளுகையிலும் இதே குடும்பத்து ஓட்டை வெளியானது. ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் குறை, பெயரை நம்பியதில் இருக்கிறது. ஐநோட்டில் ஃபைல் பெயர் இல்லை, பெயர் ஃபோல்டரில் இருக்கிறது என்று முன்பு பார்த்தோம். ஃபோல்டர் யார் கையில் இருக்கிறதோ, அவர் அந்தப் பெயர் எந்த ஃபைலைக் குறிக்கிறது என்பதை எந்த நொடியிலும் மாற்றலாம்.

‘சிம்லிங்க்கா என்று முதலில் சோதித்துவிட்டுப் பிறகு மாற்றினால் போதுமே’ என்று தோன்றும். போதாது. சோதனைக்கும் மாற்றத்துக்கும் இடையில் மில்லி நொடி இடைவெளி உண்டு. அதற்குள் மாற்றி வைக்கும் புரோகிராம்கள் உண்டு. ‘எஃப்சோன்’ இருப்பது இதற்குத்தான். ஃபைலைச் சிம்லிங்க் தொடராத முறையில் முதலில் திற, கையில் கிடைத்தது எதிர்பார்த்ததுதானா என்று பார், பிறகு கையில் இருப்பதையே மாற்று. நடுவில் பெயரை யார் மாற்றினாலும் உங்கள் கைப்பிடி மாறாது. ஒரே ஃபைலுக்கு இரண்டாவது பெயர் வைக்கும் ‘ஹார்ட்லிங்க்’ வழியாகவும் இதே ஏமாற்று நடக்கும். அதை எல்சோன் தடுக்காது, ஏனென்றால் அங்கே தொடர்வதற்கு லிங்க் என்று எதுவும் இல்லை, இரண்டு பெயரும் ஒரே ஐநோட். 2012-இல் வந்த 3.6 கெர்னலில், பிறருடைய ஃபைலுக்கு ஹார்ட்லிங்க் வைப்பதைத் தடுக்கும் ஒரு அமைப்பு சேர்ந்தது. உங்கள் சர்வரில் ‘ப்ரொடெக்டட் ஹார்ட்லிங்க்ஸ்’ என்ற அளவு 1 என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு ஸ்பேஸ், ஒரு சிஸ்டம்

தாக்குபவர் யாரும் இல்லாமலே அழிவு வரலாம். சோன் கமாண்டுடன் பெரிய எழுத்து ‘ஆர்’ சேர்த்தால், ஃபோல்டருக்கு அடியில் உள்ள எல்லாம் மாறும். புள்ளியும் ஸ்லாஷும் சேர்ந்தால் ‘இந்த ஃபோல்டர்’. நடுவில் தவறி ஒரு ஸ்பேஸ் விழுந்தால் ‘இந்த ஃபோல்டரும், முழு சிஸ்டமும்’. அழிக்கும் ‘ஆர்எம்’ கமாண்டு, வேர் ஃபோல்டரைக் கொடுத்தால் இப்போதெல்லாம் தானாகவே மறுத்துவிடும். லினக்ஸ்களில் உள்ள க்னூ சோன் அப்படி மறுக்காது. ‘ப்ரிசர்வ் ரூட்’ என்று நீங்களாகச் சொன்னால்தான் நிற்கும்.

மொத்த சிஸ்டமும் உங்கள் பெயருக்கு மாறிவிட்டால் என்ன, நல்லதுதானே? அடுத்த கமாண்டில் தெரிந்துவிடும். சூடோ புரோகிராம் ரூட்டுக்குச் சொந்தமாக, செட்யூஐடி குறியோடு இருந்தால்தான் வேலை செய்யும். இப்போது அது உங்கள் பெயரில். ‘எனக்கு உரிமையாளர் 0 ஆக இருக்க வேண்டும்’ என்று சொல்லி நின்றுவிடும். தவறைத் திருத்தத் தேவையான கருவியே அந்தத் தவறில் போய்விட்டது.

ரெஸ்க்யூ மோடில் நுழைந்து எல்லாவற்றையும் ரூட் பெயருக்குத் திருப்பினாலும் தீராது. இரண்டு காரணங்கள். எல்லா ஃபைலும் ரூட்டுடையது அல்ல. டேட்டாபேஸுக்கு, மெயிலுக்கு, வெப் சர்வருக்கு எனத் தனித்தனி எண்கள் இருந்தன, அவை எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. அடுத்தது, ட்ரோஜன் குதிரை பயத்தால், உரிமையாளர் மாறும்போதே புரோகிராம்களின் செட்யூஐடி குறியை கெர்னல் துடைத்துவிடுகிறது. ரூட் மாற்றினாலும் லினக்ஸ் விடுவதில்லை. ஃபைலுக்குத் தந்திருந்த சிறப்பு அதிகாரங்களும் போய்விடும். அதனால்தான் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் எழுதும்போது முதலில் சோன், பிறகு சிஎச்மாட் என்ற வரிசை முக்கியம். மாற்றிப் போட்டால் குறி காணாமல் போகும். ரெட் ஹேட், ஃபெடோரா வகையில் ஆர்பிஎம் டேட்டாபேஸிலிருந்து பேக்கேஜ் ஃபைல்களின் உரிமையாளரையும் அனுமதிகளையும் மீட்க வழி உண்டு. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பேக்கப் அல்லது ரீஇன்ஸ்டால்தான்.

விரல் தவறாமலும் இது நடந்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் வந்த என்பிஎம் 5.7.0 பதிப்பை சாதாரண யூசர் ஒருவர் சூடோவுடன் ஓட்டினால், சிஸ்டத்தின் முக்கிய ஃபோல்டர்களின் உரிமையாளரை அது அந்த யூசர் பெயருக்கு மாற்றிவிட்டது. உதவிப் பக்கத்தைக் கேட்டதற்கே இப்படி ஆனதாகப் புகார் வந்தது. அவசரமாக 5.7.1 வெளியிட்டார்கள்.

கன்டெய்னர் காலத்தில்

டாக்கர் பயன்படுத்துபவர்களுக்கு இந்த எண் விவகாரம் தினசரி தலைவலி. வழக்கமான அமைப்பில், கன்டெய்னருக்குள் இருக்கும் ரூட்டும் வெளியே உள்ள ரூட்டும் ஒரே 0. உங்கள் புராஜெக்ட் ஃபோல்டரை உள்ளே இணைத்து ஓட்டினால், கன்டெய்னர் உருவாக்கும் ஃபைல்கள் வெளியே ரூட் பெயரில் கிடக்கும், வழக்கமாக உங்களால் திருத்த முடியாது. கன்டெய்னருக்குள் 33 என்ற எண்ணில் வெப் சர்வர் ஓடினால், வெளியே அந்த எண் யாருடையதோ அவருக்கே ஃபைல் சொந்தம்.

இமேஜ் உருவாக்கும்போது கடைசியில் ஒரு வரி சோன் சேர்ப்பவர்கள், இமேஜின் அளவு ஏறுவதைக் கவனித்திருப்பார்கள். இமேஜ் அடுக்கு அடுக்காக இருக்கிறது. கீழ் அடுக்கு மாறாது. உரிமையாளர் எண் ஒன்று மட்டும் மாறினாலும், முழு ஃபைலும் மேல் அடுக்குக்கு நகலெடுக்கப்படும். 500 எம்பி ஃபோல்டருக்கு சோன் போட்டால் இன்னொரு 500 எம்பி. டாக்கர் 17.09-லிருந்து, காப்பி எடுக்கும்போதே உரிமையாளரைச் சொல்லிவிடும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் இந்த வீக்கம் வராது.

குபர்நெட்டீஸில் ‘எஃப்எஸ்குரூப்’ வைத்திருப்பவர்களுக்கு வேறு அனுபவம். பாட் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வால்யூமில் உள்ள எல்லா ஃபைல்களின் குரூப்பையும் ஒன்றொன்றாகச் சரிபார்த்து மாற்றும். லட்சக்கணக்கில் சின்ன ஃபைல்கள் இருந்தால் பாட் நிமிடக்கணக்கில் காத்திருக்கும். மேல் ஃபோல்டர் சரியாக இருந்தால் மற்றதை விட்டுவிடு என்று சொல்லும் ‘ஆன்ரூட்மிஸ்மேட்ச்’ அமைப்பு, 1.23 பதிப்பில் நிலையான வசதியாகிவிட்டது.

இந்தத் தொல்லைக்கெல்லாம் கெர்னலே தந்திருக்கும் பதில், எண்ணை மாற்றாமல் பார்வையை மாற்றுவது. 2021-இல் வந்த 5.12 கெர்னலில் ‘ஐடிமேப்ட் மவுண்ட்’ என்ற வசதி சேர்ந்தது. ஒரு ஃபோல்டரை இணைக்கும்போதே ‘டிஸ்க்கில் 1000 என்று இருப்பதை இங்கே 0 என்று காட்டு’ என்று சொல்லிவிடலாம். ஐநோட்டில் ஒரு எழுத்தும் மாறாது. சோன் தேவையே இல்லை.

‘அவர் பெயரில் இருந்தது’ என்பது ஆதாரமா?

தகவல் கசிவு, உள்விசாரணை என்று வரும்போது ‘இந்த ஃபைல் இன்னார் பெயரில் இருக்கிறது’ என்ற ஸ்கிரீன்ஷாட் அடிக்கடி தலைகாட்டும். இதுவரை படித்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரிந்திருக்கும். ஃபைலில் இருப்பது ஓர் எண். ரூட் அதிகாரம் உள்ள யாரும் அதை மாற்றியிருக்கலாம். எண் வேறொருவரிடமிருந்து கைமாறியும் வந்திருக்கலாம். உரிமையாளர் பெயரை மட்டும் வைத்து ஒருவர் வேலையைப் பறிப்பது அபத்தம்.

கொஞ்சம் கூடுதலாகச் சொல்வது, ஃபைலின் நேரக் குறிப்புகள். உள்ளடக்கம் மாறிய நேரம் வேறு, ஐநோட் மாறிய நேரம் வேறு. சோன் போட்டால் முதலாவது நகராது, இரண்டாவது நகரும். ஆறு மாதமாகத் தொடாத ஃபைலின் ஐநோட் நேரம் நேற்று இரவைக் காட்டினால், நேற்று இரவு உரிமையாளரோ அனுமதியோ பெயரோ மாறியிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். யார் செய்தது என்று அது சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியது ஆடிட் லாக். லினக்ஸின் ‘ஆடிட்டி’ சேவையில் நான்கு சோன் வாசல்களையும் கண்காணிக்க விதி எழுதலாம். நான்கில் ஒன்றை விட்டாலும் அந்த வழியாக நடப்பது பதிவாகாது. சிஐஎஸ் அமைப்பின் பாதுகாப்பு வழிகாட்டியில் இந்த விதி இருப்பதால், ஆடிட் முடித்த நிறுவனங்களில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். மத்திய அரசின் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் ஐடி சிஸ்டங்களின் லாக்குகளை 180 நாட்களுக்கு இந்திய எல்லைக்குள் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் விதி எழுதி இயக்கிவைக்காத சர்வரில், சேமிக்க சோன் பதிவு எதுவும் இருக்காது.

அந்தப் பதிவில் யூசர் எண்ணோடு ‘ஏயூஐடி’ என்று இன்னோர் எண்ணும் இருக்கும். முதன்முதலில் லாகின் செய்து உள்ளே வந்தவர் யார் என்பதை அது காட்டும். நடுவில் அவர் சூடோ போட்டு ரூட்டாக மாறியிருந்தாலும், யூசர் எண் 0 ஆகிவிடும், ஏயூஐடி அதே பழைய எண்ணில் நிற்கும்.